நித்தியம்-25க்கு இன்னும் பத்தொன்பது வருடம் பாக்கி

திராட்சைக்காரர் அந்த இலையைப் புரட்டிப் பார்த்திருக்கக் கூடாது. பிற்பாடு அதிகாரிகள் எல்லோரும் ஒருவாய்ப்பட அதைத்தான் சொன்னார்கள். இலை அதுபாட்டுக்குப் பந்தலில் கிடந்தது. மேல்பக்கம் எண்ணெய் சொட்டியது போல நாலு மஞ்சள் வட்டம், அவ்வளவுதான். போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் அவர் துணி வாங்கினாலும் உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிற ஆள். இலையையும் புரட்டினார். அடியில் மாவு தூவினாற்போல வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் விரலோடு வந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் கூடையும் கையுமாக வந்து பார்த்தாள்.

"இது அதுதானே?" என்றாள்.

"அது வராதுன்னுல்ல சொன்னாங்க."

"வந்திருக்கே."

"வராதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க."

"எழுதினதை அதுக்கு யாரும் படிச்சுக் காட்டலையோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். அங்கும் இருந்தது.

அது என்பது அடிச்சாம்பல் நோய். திராட்சை போட்டவனுக்கு அதைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈரம் கண்டால் வரும். பத்துப் பதினைந்து நாளில் இலையை உதிர்த்துவிடும். இலை இல்லாத கொடியில் பழம் இனிப்பு ஏறாது. இரண்டு வருடம் இப்படிப் போனால் கொடியே போய்விடும். முன்பெல்லாம் அவர் ஒரு பருவத்துக்குப் பதினாலு தடவை முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடித்தவர். இருமி இருமி நெஞ்சுக்கூடு கலகலத்துப் போயிருந்த காலத்தில்தான் திராட்சை நோய் எதிர்ப்பு நிறுவனம் நித்தியம்-25 என்ற புது ரகத்தைக் கொண்டுவந்தது. பெயரிலிருக்கும் இருபத்தைந்து, வருடக் கணக்கு. இருபத்தைந்து வருடத்துக்கு நோய் அண்டாது.

கன்று இலவசம். வாசலில் ஒரு பச்சைப் பலகை. பழச்சாறு ஆலை மொத்தப் பழத்தையும் எடுத்துக்கொள்ள ஒரு கடிதம். பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு துளி மருந்தும் அடிப்பதில்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். அடித்தால் நிறுவனத்தின் இயந்திரம் வந்து மூன்று ஏக்கரையும் வேரோடு பிடுங்கிப்போடும். ஆனாலும் பதினேழாவது ஷரத்தில் ஒரு கருணை இருந்தது: நோய் வந்தால் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான அனுமதியோடு மருந்தடித்துக்கொள்ளலாம்.

இது ஆறாவது வருடம். வானம் மூட்டமாக இருந்தது. அவர் நாலு இலையைப் பையில் போட்டுக்கொண்டு அனுமதி வாங்கப் புறப்பட்டார்.

நிறுவனத்தின் முகப்புப் பலகையில் "நோய்" என்ற சொல் மட்டும் மழையில் கரைந்துபோயிருந்தது. மிச்சமிருந்த "திராட்சை எதிர்ப்பு நிறுவனம்" என்பதற்கு யாரும் ஆட்சேபம் தெரிவிக்காததால் அப்படியே விட்டிருந்தார்கள். முன்மேசையில் இருந்த எழுத்தர் அம்மாள் தலையைத் தூக்காமல் ஒரு படிவத்தை நீட்டினார். நோயின்மை அறிக்கை. முதல் கேள்வி: உங்கள் தோட்டத்தில் நோய்? அ, இல்லை. ஆ, அறவே இல்லை.

"இருக்குன்னு எழுத எங்கங்க இடம்?"

"இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் இடம் கேக்கல."

"நான் கேக்குறேனே."

"அப்ப 'இல்லை'ன்னு போடுங்க. எல்லாரும் 'அறவே இல்லை'ன்னுதான் போடுவாங்க. வெறும் 'இல்லை'ன்னா விஷயம் கொஞ்சம் மோசம்னு உள்ள புரிஞ்சுக்குவாங்க."

அவர் வெறும் "இல்லை" போட்டார். அம்மாள் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து போய் யாரிடமோ காதோடு காதாகப் பேசிவிட்டு வந்தார். ஐந்தே நிமிடத்தில் திராட்சைக்காரர் நீடிப்பு அலுவலர் முன்னால் உட்கார வைக்கப்பட்டார். மூன்று மாதத்தில் இவ்வளவு கடுமையான அறிக்கை வந்ததில்லையாம்.

எதிர்ப்புச் சக்தி எத்தனை வருடம் நீடிக்கிறது என்று பார்ப்பது அந்த அலுவலரின் வேலை. அவருக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம் தொங்கியது. முதல் வருடத்தில் நூறு சதவீதத்தில் கிளம்பிய சிவப்புக்கோடு வளையாமல் நெளியாமல் இருபத்தைந்தாவது வருடம் வரை போய் நின்றது.

"இப்ப ஆறாவது வருஷம்தானே நடக்குது?" என்று திராட்சைக்காரர் சந்தேகம் கேட்டார்.

"வருஷம் முடிஞ்சப்புறம் கோடு போடுறதெல்லாம் பழைய முறைங்க" என்றார் அலுவலர். "ஆலைக்காரங்க, வெளியாளுங்க எல்லாம் வந்து பார்க்குறாங்க. பாதிக் கோடு போட்டு வச்சா நல்லாவா இருக்கும்?"

திராட்சைக்காரர் இலையை எடுத்து மேசைமேல் வைத்தார். அலுவலர் ஒரு கோப்புக்கட்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"எவ்வளவு தூரத்துல இருந்து பார்த்தீங்க?"

"கையில வச்சுத்தாங்க பார்த்தேன்."

"அங்கதான் தப்பு நடந்திருக்கு. கையேட்டுல பத்தடின்னு போட்டிருக்கு. பாதையில நின்னு பத்தடி தூரத்துல இருந்து மேல்பக்கம் பார்க்கணும். புரட்டுறதெல்லாம் எங்கேயும் சொல்லலையே."

"நோய் அடியிலதானேங்க வரும்."

"அது நோயோட இஷ்டம். நாம கையேட்டுப்படிதான் போகமுடியும்."

திராட்சைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. சந்தையில் அவர் எத்தனையோ கெட்டியான ஆளோடு பேரம் பேசியிருக்கிறார். எப்பேர்ப்பட்டவனும் ஒரு கட்டத்தில் ஒரு படி இறங்குவான். இங்கே பேரத்துக்குப் பொருளே இல்லை என்கிறார்கள். பிறகு எங்கே இறங்குவது?

"ஒரே ஒரு தடவை அடிக்க அனுமதி குடுங்க. கொடி பிழைச்சுக்கும்."

அலுவலர் பொறுமையாக விரல்விட்டுச் சொன்னார். "அனுமதி குடுக்கணும்னா நோய் இருக்கணும். நோய் இருந்தா நீடிப்பு இல்லைன்னு ஆகும். நீடிப்பு இருக்கு, இன்னும் பத்தொன்பது வருஷம் பாக்கி. அதனால நோய் இல்லை. இல்லாத நோய்க்கு அனுமதி குடுத்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்குமாவது நீடிச்சா நல்லதுன்னு நானும்தான் நினைக்கிறேன். உங்க திருப்திக்கு வேணும்னா கீழ போய்ப் பூஞ்சைக் காப்பாளர்கிட்ட இலையைக் குடுங்க. அவங்க இல்லைன்னு எழுதிக் குடுத்துடுவாங்க."

பூஞ்சைக் காப்பாளர் நிலவறையில் இருந்தார். வெயில் காணாத முகமும் தடித்த கம்பளிச் சட்டையுமாக ஒரு நடுவயதுப் பெண். அவர் இலையை வாங்கியதும் முதல் காரியமாகப் புரட்டினார். திராட்சைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தனை நாளா, அண்ணே?"

"இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேம்மா. நோய்தானே?"

"நோய்தான். ஆனா நான் சொன்னா நோய் ஆகாது. தாத்தா சொல்லணும்."

தாத்தா குளிர்ப்பெட்டியில், மூன்றாவது தட்டில், ஒரு சின்னக் குப்பியில் இருந்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இயக்குநரின் ஆசிரியர் வீட்டுச் சுவரோரக் கொடியிலிருந்து சுரண்டி எடுத்த பூஞ்சை. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரே நோய் அதுதான்.

"மாசத்துக்கு ஒரு தடவை எழுப்பி நித்தியம் இலை மேல விடுவோம்" என்றார் காப்பாளர். "பாவம், அதுக்கு எழுந்து உக்காரவே தெம்பு இருக்காது. நித்தியம் ஜெயிச்சிடும். மேல அறிக்கை போயிடும், நூறு சதவீதம்னு."

"வெளியில இருக்குறது வேறயாச்சே."

"வெளியில இருக்குறது இருபத்திரண்டு வருஷமா பெத்துப் பெருகி, மழையில நனைஞ்சு, உலகம் பார்த்து வந்திருக்கு. நித்தியத்துல வச்சிருக்குறது ஒரே ஒரு மரபணு. ஒரு வாசலுக்கு ஒரு பூட்டு மாதிரி வச்சுக்கங்க. தெருவுல கோடிப் பேர் போறாங்க. யாராவது ஒருத்தன்கிட்ட பொருந்துற சாவி இருக்கும். அவன் உள்ள வந்துட்டான்னா அவன் வம்சம் பூராவும் அதே சாவியோடதான் பிறக்கும்."

"ரெண்டு மூணு பூட்டு போட்டிருக்கலாமே?"

"கேட்டேன். ரெண்டாவது பூட்டு போட்டா முதல் பூட்டை நாமளே நம்பலைன்னு ஆயிடும்னாங்க. சரி, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மருந்தடிக்கச் சொல்லுங்க, வந்தவன் கால் ஊன்றதுக்குள்ள விரட்டிடலாம்னு கேட்டேன். அப்புறம் ஜெயிச்சது கொடியா மருந்தான்னு விழா மேடையில எப்படிச் சொல்றதுன்னாங்க." அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த குரல் அது. "அஞ்சு நாள் குடுங்க அண்ணே. உங்க பூஞ்சையை நித்தியம் இலையில விட்டுப் பார்த்து எழுதித் தர்றேன்."

அந்த ஐந்து நாளும் மழை பெய்தது. மஞ்சள் வட்டங்கள் பழுப்பாகின. முதல் இரண்டு வரிசையில் இலை கருகிச் சுருண்டது. மூன்றாம் நாள் மனைவியின் அண்ணன் வந்தார். பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். நித்தியம் நட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு பொட்டலம்கூட அவரால் விற்க முடியவில்லை. குடையை மடக்கிக்கொண்டே பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுக் கடைப்பக்கம் வர்றேன்னீங்க. நான் அதுவரைக்கும் உசுரோட இருக்கணுமேன்னு தினம் நடக்கப் போயிட்டிருக்கேன்."

"அண்ணா, நீ வேற" என்றாள் மனைவி. பிறகு கணவரிடம் திரும்பினாள். "ஏங்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து விடியக்காலையில ஒரு சுத்து அடிச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"இலை பூரா நீலமாத் தெரியும்."

"பத்தடி தள்ளி நின்னுதானே பார்ப்பாங்க."

"மருந்து அடிச்சிருக்கான்னு பார்க்குறதுக்கு மட்டும் பூதக்கண்ணாடி வச்சிருக்காங்க. கையேட்டுல இருக்கு."

மச்சான் உதட்டைப் பிதுக்கினார். "நோயை விட மருந்துக்குத்தான் பயப்படுறாங்க. நான் தப்பான தொழிலுக்கு வந்துட்டேன் மாப்பிள்ளை. மருந்து விக்கறதுக்குப் பதிலா மருந்து அடிக்காம இருக்குறதை வித்திருக்கலாம்."

ஐந்தாம் நாள் நிலவறையில், வட்டத் தட்டிலிருந்த நித்தியம் இலைத்துண்டுகள் மொத்தமும் வெள்ளை பூத்திருந்தன. தாத்தாவை விட்ட தட்டு மட்டும் பச்சைப் பசேலென்றிருந்தது. காப்பாளர் ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். அரைமணி நேரத்தில் காகிதம் கீழே திரும்பிவிட்டது. பதிவு பெறாத பூஞ்சையைக் கொண்டு செய்த சோதனை செல்லாது.

"அப்ப பதிவு பண்ணிடலாமே?" என்றார் திராட்சைக்காரர்.

"பதிவு பண்ணணும்னா அது சோதனைக்குத் தகுந்த பூஞ்சையா இருக்கணும்."

"தகுதி என்னம்மா?"

காப்பாளர் விதிப்புத்தகத்தைப் பிரித்து, படிக்க மனமில்லாமல் அவர் பக்கமே திருப்பிக் காட்டினார். சோதனைக்குத் தகுந்த பூஞ்சை என்பது நித்தியம்-25 எதிர்த்து நிற்கக்கூடிய பூஞ்சை.

ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. விவகாரம் இயக்குநர் காதுக்குப் போய்விட்டதாம். குழுவோடு நேரில் வருகிறாராம். திராட்சைக்காரருக்கு நம்பிக்கை வந்தது. நேரில் வருகிறவனுக்குக் கண் என்று ஒன்று இருக்குமே. மச்சானிடம் சொல்லிச் சரக்கைத் தயாராக எடுத்து வைத்தார். பூட்டிய அறையில் மயில்துத்தம், சுண்ணாம்பு, தெளிப்பான்.

பதினோராம் நாள் மூன்று வண்டிகள் வந்தன. முதலில் இறங்கியது ஒரு நீளக் கம்பளம். அதைப் பந்தலிலிருந்து சரியாகப் பத்தடி தள்ளி, நாடாவால் அளந்து, பாதையில் விரித்தார்கள். பிறகு ஒலிபெருக்கி, நாற்காலிகள், புகைப்படக்காரர். குழு வருகிற செலவோடு செலவாக ஆறாம் ஆண்டு நீடிப்பு விழாவையும் இங்கேயே முடித்துவிடுவதாக நீடிப்பு அலுவலர் சொன்னார். காப்பாளரும் கையில் மூடிய தட்டோடு வந்திருந்தார். அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள், விழாவுக்கு ஆகாது என்று.

இயக்குநர் பேச எழுந்தபோது காற்றடித்து ஐம்பது அறுபது இலைகள் ஒன்றாக உதிர்ந்தன. ஒன்று அவர் தோளில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டு பேசினார்.

"எதிர்ப்பு தோற்றுவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். எதிர்ப்பு தோற்கவில்லை. நோய் வென்றிருக்கலாம், அது வேறு விஷயம். நமது நிறுவனம் நோயை அளப்பதில்லை, நீடிப்பை அளக்கிறது. நீடிப்பு என்பது தோட்டத்தில் இருப்பதல்ல. ஆவணத்தில் இருப்பது. தோட்டங்கள் வரும், போகும். இந்த ஆறு வருடத்தில் எத்தனை தோட்டம் போயிருக்கிறது, நமது கோடு வளைந்ததா?"

குழு கைதட்டியது. திராட்சைக்காரரும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். மனைவி முழங்கையால் இடித்தாள்.

பிறகு இயக்குநர் அவரைத் தனியாகக் கம்பள ஓரத்துக்கு அழைத்துப்போய்த் தோளில் கைபோட்டார்.

"நல்ல யோசனை ஒண்ணு வச்சிருக்கோம். நித்தியத்துக்கு நோய் வராது. இந்தக் கொடிக்கு வந்திருக்கு. இதுல இருந்து என்ன தெரியுது?"

"நித்தியத்துக்கு நோய் வரும்னு தெரியுது சார்."

"இல்லை. இது நித்தியம் இல்லைன்னு தெரியுது."

"சார், உங்க வண்டியில வந்த கன்று. உங்க ஆளுங்களே குழி தோண்டி நட்டாங்க."

"இருக்கலாம். நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஏதோ கலந்துபோச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, நீங்க நித்தியம் போட்டதாவே கணக்கில்லை. ஒப்பந்தம் கிடையாது. இயந்திரம் வராது. மருந்து அடிச்சா அடிங்க, அடிக்காட்டிப் போங்க, யாரும் கேக்கமாட்டாங்க."

காகிதத்தில் இப்படி இருந்தது: "என் தோட்டத்தில் உள்ளது நித்தியம்-25 அல்ல. எனது கவனக்குறைவால் பெயர் தெரியாத ஏதோ ஒரு ரகத்தை நட்டு, ஆறு வருடமாக நிறுவனத்தின் பலகையைத் தவறாக மாட்டியிருந்தேன். வருந்துகிறேன்."

மனைவி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "ஆறு வருஷமா பார்த்துப் பார்த்து வளர்த்துட்டு, எந்தப் பிள்ளைன்னே தெரியாதுன்னு எழுதித் தரச் சொல்றாங்க. போட்றாதீங்க."

"ஆலைக்குப் பழம்?" என்று இயக்குநரைக் கேட்டார் திராட்சைக்காரர்.

"அது நித்தியம் போட்டவங்களுக்குத்தானே."

அவர் பந்தலைப் பார்த்தார். கடைசி நாலு வரிசையில் இன்னும் பச்சை இருந்தது. இந்த வருடப் பழம் எப்படியும் போய்விட்டது. மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. நியாயம் பேச ஒரு பருவம் வேண்டும். கொடிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. நீடிப்பு அலுவலர் பேனாவின் மூடியைத் திறந்தே வைத்திருந்தார்.

கையெழுத்துப் போட்டார்.

பலகையைக் கழற்றும்போது அலுவலர் ஆறுதலாகச் சொன்னார். "மனசுல வச்சுக்காதீங்க. நாப்பது தோட்டத்துல நீங்க முப்பத்தி ஓராவது. மிச்சம் ஒன்பது தோட்டம் நூறு சதவீதம் நல்லா இருக்கு. அவங்க இன்னும் இலையைப் புரட்டல."

வண்டிகள் தெரு திரும்புவதற்குள் மருந்து கலந்தாயிற்று. மச்சானே ஒரு தெளிப்பானை மாட்டிக்கொண்டார். அன்றும் மூன்று நாள் கழித்தும் பிறகு வாரம் ஒரு முறையும் அடித்தார்கள். பழம் புளித்துத் தொங்கியது. அறுத்துக் குழியில் போட்டார்கள். அவருடைய பழைய இருமல், அழையாமல் வந்த உறவாளிபோல வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் கொடி சாகவில்லை. இரண்டு மாதத்தில் கணுவுக்குக் கணு புதுத் துளிர் விட்டுப் பந்தல் மூடியது.

சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் பச்சை. அவருக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட முப்பது தோட்டத்தில் மருந்து வருவதற்குள் கொடி போய்விட்டிருந்தது. பிற்பாடு இலையைப் புரட்டிவிட்டு அனுமதிக்குக் காத்திருந்த மிச்ச ஒன்பது தோட்டமும் இலையில்லாமல் கம்பியும் கட்டையுமாக நின்றன. அவையும் ஒவ்வொன்றாக நித்தியம் இல்லை என்று தெரியவந்துகொண்டிருந்தன.

ஒரு காலை வாசலில் நிறுவனத்தின் வண்டி வந்து நின்றது. நீடிப்பு அலுவலர் இறங்கி நேராகப் பந்தலுக்கு வந்தார். இந்த முறை கம்பளம் இல்லை. கையில் புதுப் படிவம். திராட்சைக்காரர் முதுகில் தெளிப்பானோடு மூன்றாவது வரிசையில் நின்றிருந்தார்.

"பெயர் தெரியாத ரகம்" என்று அலுவலர் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "இந்த நோயிலயும் இப்படி நிக்குது. பாராட்டத்தக்க எதிர்ப்பு. இயக்குநரே வண்டியில போறப்ப பார்த்துட்டுச் சொன்னார், இதை விடக்கூடாதுன்னு."

"சார், மருந்தடிக்கிறதாலதான் நிக்குது. இதோ அடிச்சிட்டிருக்கேன் பாருங்க."

"பார்க்குறேன். படிவம் இலையைப் பத்தித்தான் கேக்குது."

"இது உங்க நித்தியம்தான் சார். அதே கொடி."

"இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. கோப்பு என் மேசையில இருக்கு. கையெழுத்துகூட ரொம்பத் தெளிவா இருக்கு." அலுவலர் கனிவாகச் சிரித்தார். "இருபது குச்சி வேணும். நித்தியம்-50ன்னு வெளியிடப் போறோம். கோடு போட்டாச்சு. உங்க பேரைத்தான் முதல் தோட்டமா போடுறதா இருக்கு. இங்க ஒரு கையெழுத்து. அம்பது வருஷத்துக்கு மருந்து மட்டும் அடிக்கக் கூடாது."

திராட்சைக்காரருக்குக் கத்தலாம் போலிருந்தது. கத்துவதற்கு முதலில் இருமி முடிக்க வேண்டியிருந்தது. முடித்தபோது கத்துகிற ஆசை போய்விட்டிருந்தது.

"குச்சி எத்தனை வேணும்னாலும் வெட்டிக்குங்க" என்றார். "கையெழுத்து கிடையாது."

"போடாட்டி முதல் தோட்டம்னு உங்க பேர் வராதே."

"வேண்டாம் சார். இந்தக் கொடிக்கே பேர் இல்லாமத்தான் உசுரு தங்குச்சு."

அலுவலர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கத்தரியால் நல்ல தடித்த குச்சிகளாகப் பார்த்து இருபது வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டினார். திராட்சைக்காரர் கைப்பிடியை அடித்துத் தெளிப்பானில் காற்றேற்றிவிட்டு, குழாயைப் பந்தலுக்கு அடியில் நீட்டினார். நீல மூட்டம் எழுந்து வரிசை முழுக்கப் பரவியது.

அலுவலர் பதறிப்போய்க் குடையை விரித்தார். தன்மேல் படுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. குச்சிக்கட்டை மார்போடு அணைத்து, குடையைச் சாய்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிவரை ஓடினார். ஐம்பது வருடம் நோயை எதிர்த்து நிற்கவேண்டிய குச்சிகள்; ஒரு துளி மருந்து பட்டாலும் கெட்டுப்போகும்.